பேச்சுப் போட்டித் தலைப்புகளில் கனடாவும் இருக்கட்டும்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் தமிழ்ப் பேச்சுப் போட்டி நடத்தும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் தலைப்புப் பட்டியல்களில் வள்ளுவர், பாரதியார், ஆறுமுக நாவலர், விபுலாநந்த அடிகள் எல்லாரும் இருப்பார்கள். இருக்கத்தான் வேண்டும். அவர்களில் ஒருவரையும் எடுத்துவிடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் பேசும் மேடையில் இந்த நாட்டு மனிதர் ஒருவரின் பெயர்கூட வராமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேற்பிரிவுகளிலாவது ரெரி ஃபொக்ஸ், வயோலா டெஸ்மன்ட், லூயி ரியேல் என்ற மூன்று பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

"அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்தானே?" என்பீர்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் அம்மம்மாவும் அப்பப்பாவும் படிக்கவில்லை. குடியுரிமைச் சோதனை எழுதிய நமக்கோ 20 கேள்வியில் 15 சரிவந்தால் போதும் என்று பாடமாக்கிய ஆண்டுகள்தான் மிச்சம். சோதனை முடிந்ததோடு அவையும் போய்விட்டன. செப்டெம்பரில் ரெரி ஃபொக்ஸ் ஓட்டத்துக்கென்று பேரன் கை நீட்டினால் இரண்டு டொலர் குற்றியைக் கொடுத்து அனுப்புகிறோம். யார் அந்தப் பெடியன் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லப் பேரனுக்குத் தமிழ் போதாது. பேச்சுப் போட்டி என்று ஒன்று வைத்திருப்பது இதற்கில்லாமல் வேறு எதற்கு?

ரெரியின் கதை பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர், 1980 ஏப்ரல் 12 அன்று சென் ஜோன்ஸ் நகரில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். தினமும் ஏறக்குறைய ஒரு மரதன் தூரம். தொடக்கத்தில் பல ஊர்களில் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. யூலையில் ரொறன்ரோ நகர மண்டபச் சதுக்கத்துக்கு வந்தபோது பத்தாயிரம் பேர் காத்திருந்தார்கள். 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடி, தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. கனடியர் ஆளுக்கு ஒரு டொலர் தந்தால் போதும் என்று கேட்டவர் அவர். 1981 பெப்ரவரிக்குள் 24 மில்லியனுக்கு மேல் சேர்ந்தது, அன்றைய சனத்தொகைக்குச் சரியாக. அந்த யூனிலேயே இறந்தார். வயது 22. ஐந்து டொலர் தாளின் அடுத்த பதிப்பில் அவர் முகம் வரும் என்று 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்திருக்கிறது.

பத்து டொலர் தாளில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். பரிசு உறைக்குள் வைப்பதற்கு முன் அந்தத் தாளை ஒருமுறை நிமிர்த்திப் பாருங்கள். அவர் வயோலா டெஸ்மன்ட், நோவா ஸ்கோசியா மாகாணத்தின் ஹலிஃபக்ஸில் அழகுக்கலை நிலையமும் பயிற்சிப் பள்ளியும் நடத்திய கறுப்பினப் பெண். 1946 நவம்பர் 8 அன்று வழியில் கார் பழுதாகி நியூ கிளாஸ்கோ என்ற ஊரில் தங்க நேர்ந்தது. பொழுதுபோக்க ரோஸ்லன்ட் தியேட்டருக்குப் போனார். கிட்டப்பார்வை என்பதால் கீழ்த்தளத்துக்கு ரிக்கெற் கேட்டார், கொடுத்தது மாடிக்கு. கீழே போய் இருந்தவரை எழும்பச் சொன்னபோது மிச்சக் காசைத் தருகிறேன் என்றார். "உங்கள் ஆட்களுக்குக் கீழே விற்பதில்லை" என்று பதில் வந்தது. அவர் எழும்பவில்லை. பொலிஸ்காரரும் முகாமையாளருமாக இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றிரவு முழுக்கச் சிறைக்கூண்டில், கையில் போட்டிருந்த வெள்ளைக் கையுறையோடு, நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இனி வருவதைத்தான் பிள்ளைகள் மேடையில் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர் கீழே இருக்கக்கூடாது என்று நோவா ஸ்கோசியாவில் சட்டம் எதுவும் இல்லை. அதனால் வழக்கு வேறு மாதிரிப் போடப்பட்டது. மாடி ரிக்கெற்றுக்கும் கீழ்த்தள ரிக்கெற்றுக்கும் இடையே கேளிக்கை வரியில் ஒரு சதம் வித்தியாசம். அந்த ஒரு சதத்தை அரசாங்கத்துக்குக் கட்டாமல் ஏமாற்றினார் என்பதுதான் குற்றச்சாட்டு. தண்டமும் செலவுமாக 26 டொலர். நீதிமன்றத்தில் நிறம் என்ற பேச்சே எழவில்லை. இதை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் மறித்தபோது, என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். வயோலா 1965இல் காலமானார். எழுபது வயதுக்கு மேல் பல்கலைக்கழகம் போய்ப் படித்த தங்கை வான்டா ரொப்சன் விடாமல் கதைத்துத் திரிந்ததால்தான் 2010இல் மாகாணம் மன்னிப்புக் கேட்டது, 2018இல் அந்தத் தாளும் வந்தது.

மூன்றாவது பெயருக்குச் சிலர் முகம் சுளிப்பீர்கள். ரியேல் தூக்கிலிடப்பட்டவர். செவ்வாறு (Red River) பகுதியில் வாழ்ந்த, பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெற்றி மக்களின் நிலத்தை அவர்களைக் கேளாமலே ஒட்டாவா அரசு அளக்க வந்தபோது 1869இல் எதிர்த்து நின்றார், இடைக்கால அரசு அமைத்தார். மறுவருடம் மனிற்றோபா மாகாணம் பிறந்தது அதனால்தான். அந்த இடைக்கால அரசுதான் தோமஸ் ஸ்கொட் என்ற கைதியைச் சுட்டுக் கொன்றது, அதையும் மறைக்க முடியாது. மூன்று முறை நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகியும் ஆசனத்தில் அமர முடியவில்லை. அவர் தலைமையில் நடந்த 1885 எழுச்சிக்குப் பிறகு ரெஜைனாவில் விசாரித்த ஜூரிகள் ஆறு பேரும் கருணை காட்டச் சொல்லியும் அந்த நவம்பரில் தூக்கிலிட்டார்கள். 1992இல் அதே நாடாளுமன்றம் அவரை மனிற்றோபாவின் நிறுவனர் என்றது. பெப்ரவரியில் அங்கே அவர் பெயரில் விடுமுறை. இப்படிப்பட்டவரைத் தேசிய வீரர் என்று ஒரு பிள்ளையும், இல்லை என்று இன்னொரு பிள்ளையும் பேசட்டுமே. புகழுரைகளையே கேட்டுக் கேட்டு நடுவர்களுக்கும் அலுத்திருக்குமே!

அப்புறம் ஒரு விஷயம். தயவுசெய்து பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். 'சைவமும் தமிழும் தழைத்தோங்க' என்ற இடத்தில் மறந்துபோய் அம்மாவின் வாயசைவைத் தேடும் பிள்ளைகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பள்ளியில் படித்த விஷயத்தை வீட்டுத் தமிழில் சொல்லும் பிள்ளைக்கு மறந்தாலும் அடுத்த வசனம் தானாக வரும். ழகரத்தில் தடுக்கி விழும், தண்டம் என்பதற்கு 'ஃபைன்' என்று சொல்லும். அதற்கெல்லாம் புள்ளி வெட்டாதீர்கள். முடிந்தால் பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்கலாம். அம்மம்மா ஒருவர் கேட்டால் இன்னும் நல்லது.

தலைப்புகளைப் பள்ளி விடுமுறைக்கு முன்பே அறிவித்தால் செப்டெம்பர் ஓட்டத்தை ஒட்டிப் போட்டியை வைக்கலாம். மூவரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதித் தர நான் தயார். நடுவர்களுக்கு மட்டும்; பிள்ளைகளுக்கு இல்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பெற்றோர்