சீலோமிலிருந்து மகனுக்கு

பாங்காக்,
15 நவம்பர் 2025

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். அதே மாதிரி பேசி அனுப்ப எனக்கு வராது. எழுதினால்தான் சொல்ல வந்தது முழுதாக வரும். உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. ஆனால் கடைசிப் பகுதியை முதலில் நீ தனியாகப் படித்துவிடு. அது உன் சிநேகிதனின் தம்பி விஷயம்.

சென்னையில் உட்கார்ந்து டிவி பார்த்தால் இந்த நாட்டில் மாதத்துக்கு ஒன்று விழுகிற மாதிரிதான் தெரியும். மார்ச்சில் பூகம்பம், ஜூலையில் கம்போடியாவோடு சண்டை, ஆகஸ்டில் பிரதமரைக் கோர்ட்டே பதவியிலிருந்து இறக்கியது, அக்டோபரில் ராணியம்மா மறைவு. "வாப்பா, போதும், ஊருக்கு வந்துவிடுங்கள்" என்று நீ சொன்னதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் டிவி பெரிதாகக் காட்டுவதெல்லாம் எங்கள் தெருவுக்குப் பெரிதாக வருவதில்லை. சின்னதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதுதான் நேராக வாசலுக்கு வருகிறது.

எல்லாரும் ஏன் கறுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டாய். அக்டோபர் 24ஆம் தேதி இரவு சிரிகிட் ராணியம்மா இறந்துபோனார். இப்போதைய அரசரின் தாயார், 93 வயது. அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 12தான் இந்த நாட்டில் அன்னையர் தினம். நாடு முழுக்க அவரை அம்மாவாகவே வைத்திருந்தார்கள். செய்தி வந்த பிறகு ரயிலில் ஏறினால் பெட்டி முழுக்கக் கறுப்பு. பேச்சும் குறைவு. அரசு ஊழியர்களுக்கு ஒரு வருஷம் துக்கம். மற்றவர்களை 90 நாள் கறுப்போ வெள்ளையோ மங்கிய நிறமோ உடுத்தும்படி கேட்டுக்கொண்டார்கள். உடுத்தாவிட்டால் அபராதம் என்றெல்லாம் இல்லை. ஆனால் துணிச் சந்தைகளான போபேயிலும் பிரதூநாமிலும் கறுப்புச் சட்டைதான் குவிந்து கிடக்கிறது. நானும் கறுப்பும் சாம்பலுமாகத்தான் கடைக்குப் போய் வருகிறேன். விருந்தாளியாக இருக்கிற வீட்டில் துக்கம் என்றால் நாம் பளபளவென்று போய் நிற்போமா?

5ஆம் தேதி லோய் க்ரதோங் வந்தது. தண்ணீரில் வாழைமட்டைத் தெப்பத்தில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து விடுவார்களே, அதுதான். தெப்பம் விட்டார்கள், வழக்கமான ஆட்டம் பாட்டம் குறைவு.

துக்கத்தில் யார் மனதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. இங்கே அது கேட்கிற விஷயமும் இல்லை. குற்றவியல் சட்டத்தில் 112 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அரசரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ அவமதித்ததாக நிரூபணமானால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 வருஷம் வரை சிறை. ஃபேஸ்புக்கில் எழுதியதற்கும் பகிர்ந்ததற்கும் உள்ளே போனவர்கள் உண்டு. அதனால் வேடிக்கை என்று நினைத்து எதையும் எனக்கு ஃபார்வர்டு செய்யாதே. நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்று சொன்னால் அந்த நிம்மதியில் பாதி வாயை மூடிக்கொண்டு இருப்பதால் வந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு அது சுலபம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுலபமில்லை. 2023 தேர்தலில் அவர்கள் அதிக இடம் வாங்கிக் கொடுத்த கட்சியை 2024ல் கோர்ட் கலைத்தே விட்டது.

பிரதமர் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஆகஸ்டில் ஸ்ரேத்தாவைக் கோர்ட் இறக்கியது. அடுத்து வந்த பேதோங்தான், முன்னாள் பிரதமர் தக்‌ஷினின் மகள். கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு அவர் ஃபோனில் பேசிய பேச்சு வெளியே கசிந்து, அதிலேயே இந்த ஆகஸ்ட் 29ஆம் தேதி பதவி போனது. இப்போது அனுதின். 2022ல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தாரே, அன்றைய சுகாதார அமைச்சர், அவரேதான். நான்கு மாதத்தில் சபையைக் கலைப்பேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் எதிர்க்கட்சி ஆதரவோடு வந்திருக்கிறார். பேதோங்தானை இறக்கிய அந்தத் தீர்ப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். எங்கள் சீலோம் பகுதியில் சோய் 20ல், அதாவது 20ஆம் சந்தில், மீன் வெட்டுகிறவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பிற்பகலில் தீர்ப்பு வந்தது. மறுநாள் காலையிலும் அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் செப்டம்பரில் ஒன்று நடந்தது. அது உன் டிவியில் வந்திருக்காது. இங்கே தள்ளுவண்டியில் பத்து பாட் (இந்த நாட்டுப் பணம்) கொடுத்து வாங்கினாலும் க்யூ.ஆர். ஸ்கேன்தான். ஆன்லைன் மோசடிப் பணம் எங்கெங்கே போகிறது என்று துரத்திப்போய், அந்தப் பணம் ஒரு கை மாறி வந்த கணக்குகளையும் முடக்க ஆரம்பித்தார்கள். ஒன்றும் அறியாத சின்ன வியாபாரிகளும் மாட்டிக்கொண்டார்கள். நூடுல்ஸ் வாங்கியவன் யார் என்று நூடுல்ஸ்காரருக்கு என்ன தெரியும்? கொஞ்ச நாள் எங்கள் சோயில் க்யூ.ஆர். அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். நாடாளுமன்றத்தில் என்ன நடந்தாலும் திரும்பிப் பார்க்காத தெரு அன்றைக்குக் கலங்கிப்போய் நின்றது.

இப்போது அதற்கு நேர் எதிர். அக்டோபர் 29லிருந்து "கொன்ல க்ருங் பிளஸ்" என்று ஒரு திட்டம். நீ வாங்குகிற சாப்பாட்டு, மளிகைப் பில்லில் பாதியை அரசாங்கம் கொடுக்கும். ஒரு நாளைக்கு 200 பாட் வரை, மொத்தம் 2,000. வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 2,400. இரண்டு கோடிப் பேருக்கு என்று அறிவித்தார்கள். ஃபோனில் ஒரு ஆப், வண்டியில் ஒரு அட்டை, அவ்வளவுதான். தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும், ஆகவே நான் முழுக் காசு கொடுக்கிறேன். எங்கள் கடை வாசலில் கொய்யாவும் மாங்காயும் மிளகாய் உப்போடு விற்கிற அக்கா இருக்கிறாரே, நீ வந்தபோது உனக்குக் கூடுதலாக ஒரு பை கொடுத்தவர், அவருக்கு மதியம் மூன்று மணிக்கே வண்டி காலியாகிறது. வருகிற தேர்தலுக்கு ஓட்டு வாங்குகிற வேலை என்று நம் ஆட்கள் சிலர் சிரிக்கிறார்கள். இருக்கட்டுமே. குடும்பக் கடன் இவ்வளவு ஏறிக் கிடக்கிற நாட்டில், பாதி விலைக்குச் சாப்பாடு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்?

அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் கம்போடிய எல்லையோரத்தில் இருக்கிற சுரின். எல்லைச் சண்டை எனக்கு அவர் வழியாகத்தான் வந்தது. ஜூலை 24ஆம் தேதி அவர் வண்டியைத் திறக்கவே இல்லை. ஓரமாக உட்கார்ந்து ஃபோனைப் போட்டுக்கொண்டே இருந்தார். கம்போடியப் பக்கத்திலிருந்து ராக்கெட் விழுகிறது. தாய்லாந்து எஃப்-16 போர் விமானம் அனுப்புகிறது. பக்கத்து மாகாணமான சிசாகெட்டில் ஒரு பெட்ரோல் பங்க் கடை மேல் ராக்கெட் விழுந்து, உள்ளே சாமான் வாங்க வந்தவர்கள் இறந்தார்கள். அவருடைய அம்மாவை லாரியில் ஏற்றி ஒரு பள்ளிக்கூடத்தில் பாய் போட்டு வைத்திருந்தார்கள். 28ஆம் தேதி மலேசியாவில் உட்காரவைத்துச் சண்டையை நிறுத்தினார்கள். போன மாதம் கோலாலம்பூரில் டிரம்ப் முன்னாலேயே கையெழுத்தும் ஆனது. இந்த 10ஆம் தேதி சிசாகெட்டில் கண்ணிவெடி வெடித்துச் சிப்பாய்கள் காயம். உடனே தாய்லாந்து அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்துவிட்டது. அக்கா மறுபடியும் ஃபோனைக் கையில் வைத்தபடியே பழம் வெட்டுகிறார்.

இவ்வளவும் எதற்கு? பிரெஞ்சுக்காரன் காலத்து வரைபடம், எல்லைக்கோடு, அதன் மேல் நிற்கிற பழைய கோயில்கள். ப்ரியா விஹியர் கம்போடியாவுக்கு என்று 1962லேயே உலக நீதிமன்றம் சொல்லிவிட்டது. தா முயென் தோம் இன்னும் தகராறில் இருக்கிறது. இரண்டும் சிவனுக்குக் கட்டியவை. இன்று இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்து நிற்கிறவர்கள் பௌத்தர்கள். சொன்னால் உன் ஹிஸ்டரி வாத்தியார் நம்பமாட்டார்.

பாங்காக்கிலிருந்து அந்த எல்லை நானூறு கிலோமீட்டருக்கு மேல். எனக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் சந்தாபுரி எல்லை மாகாணம், நம் ரத்தினக் கல் தொழிலோ பாதி அங்கே. வெள்ளி முதல் ஞாயிறு வரை கல் சந்தை நடக்கிறது. வாங்குகிறவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், தரகர்கள் கல்லைப் பொட்டலத்தில் கொண்டுவந்து காட்டுவார்கள், நீ பார்த்ததுதான். ஜூலையில் அந்த மாகாணத்தில் ஏழு வட்டங்களில் ராணுவச் சட்டம் போட்டார்கள். கம்போடியத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பிவிட்டார்கள். லாம்யை பழம் மரத்தில் பழுத்துக் கிடக்கிறது, பறிக்க ஆளில்லை என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள்.

வியாபாரம் எப்படி என்று உம்மா கேட்பாள். சுமார்தான் என்று சொல். தங்கம் ஒரு பாட் எடை, அதாவது 15 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, 60,000 பாட்டைத் தாண்டியபோது யாவ்ராட் தெருத் தங்கக் கடைகளில் விற்க வந்தவர்கள் கூட்டம்தான். நகை விலை ஏறினால் கல்லைச் சின்னதாக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று: இந்தியாவில் செய்த நகைக்கு அமெரிக்காவில் இப்போது 50 சதவீத வரி, இங்கே செய்ததற்கு 19. கல் வியாபாரிகள் கூடுகிற மகேசக் தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் பேச்சு இதுதான், பிரதமர் யார் என்பதில்லை.

பூகம்பத்தைப் பற்றி அப்போதே பேசிவிட்டோம். கட்டிக்கொண்டிருந்த தணிக்கை அலுவலகக் கட்டடம் சதுசக் பக்கம் சரிந்ததே, அதைப் பற்றிய விசாரணையும் வழக்கும் இன்னும் நடக்கிறது. அன்றைக்கு ஃபோனுக்கு எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை என்று ஊரே திட்டியது. இப்போது எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் அலறுகிற ஏற்பாடு வந்துவிட்டது.

சரி, இனி அந்தப் பையன், உன் சிநேகிதனின் தம்பி விஷயம். இதைத்தான் நீ போகிற போக்கில் கேட்டாய். எனக்கு ராத்திரி தூக்கம் போனது இதனால்தான்.

டேட்டா என்ட்ரி வேலை, பாங்காக், மாதம் ஒரு லட்சத்துக்குப் பக்கம், விசா எடுக்க வேண்டாம், டிக்கெட்டை கம்பெனியே போடும், ஏஜென்ட்டுக்கு மட்டும் முன்பணம். நீ சொன்ன ஒவ்வொன்றும் எனக்குப் பழைய கதையாகக் கேட்கிறது. இந்தியர்களுக்கு இங்கே 60 நாள் விசா இல்லாமல் வரலாம். அது சுற்றிப் பார்க்க. வேலைக்கு வருகிறவனுக்கு நிறுவனம் முதலில் காகிதம் தர வேண்டும், அதை வைத்து வேலைக்கான விசா எடுத்துவிட்டுத்தான் வருவான். பிறகு ஒர்க் பெர்மிட். ஒரு வெளிநாட்டவனை வைக்க நான்கு தாய்லாந்துக்காரர்களுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் தொழிலிலேயே பார்: கல் வெட்டுவதும் பட்டை தீட்டுவதும் வெளிநாட்டவர் செய்யக்கூடாத வேலைகள் பட்டியலில் இருக்கின்றன. இவ்வளவு கெடுபிடி உள்ள நாடு, டைப் அடிக்க நம் ஊர்ப் பையனைத் தேடி டிக்கெட் போட்டு அழைக்குமா?

நடப்பது என்ன தெரியுமா? ஏர்போர்ட்டில் ஒருவன் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பான். காரில் ஏற்றுவான். ஹோட்டலுக்கு என்று நினைத்தால் கார் வடமேற்கே 500 கிலோமீட்டர் போல ஓடி எல்லை ஊரான மேசோத்துக்குப் போகும். அங்கே மோயி என்று ஒரு ஆறு. அகலமில்லை. தாண்டினால் மியான்மரின் மியாவடி. அந்தக் கரையில் வேலி போட்ட வளாகங்கள், கே.கே. பார்க் மாதிரி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஃபோனில் ஆட்களை ஏமாற்றுகிற வேலை. கணக்கு எட்டவில்லை என்றால் அடி. போன மாதம் மியான்மர் ராணுவம் அந்த வளாகத்தில் புகுந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆற்றைத் தாண்டி மேசோத்துக்கு ஓடிவந்தார்கள். அதில் இந்தியர்கள் மட்டும் ஐந்நூறு பேர் போல. இந்த 6ஆம் தேதியும் 10ஆம் தேதியும் இந்திய விமானப்படை விமானம் வந்து ஏற்றிப்போனது. மார்ச்சிலும் இதேபோல் ஐந்நூற்றுக்கு மேல் ஏற்றிப்போனார்கள். எங்கள் தெருவில் செப்டம்பரில் கணக்கை முடக்கினார்களே, அந்த மோசடிப் பணமும் இப்படிப்பட்ட இடங்களில்தான் பிறக்கிறது.

பையனிடம் நேராகப் பேசு. அவன் உம்மா வாப்பாவிடமும் பேசு. முன்பணம் கட்டியிருந்தால் போனது போகட்டும் என்று சொல். அந்த ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவனா என்று இன்றைக்கே பார். சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். நம் அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு ஃபோன் போடு. "ஏற்கெனவே போன பையன்கள் நன்றாக இருக்கிறார்கள், வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்" என்று அவன் சொன்னால் அதை நம்பாதே. பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டுதான் அந்த வீடியோவை எடுக்க வைப்பான்.

கம்பெனிப் பெயர், முகவரி, டிக்கெட்டின் படம், மூன்றையும் எனக்கு இன்று ராத்திரிக்குள் அனுப்பு. பாங்காக் முகவரி என்றால் நானே நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையில்லை. கம்பெனி திறந்திருக்காது, ஆனால் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டால் தெரிந்துவிடும். நான் பதில் சொல்கிற வரைக்கும் பையன் பாஸ்போர்ட் யார் கையிலும் போகக்கூடாது.

உன் வாப்பா