கையெழுத்து மட்டும் என்னுடையது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். என் கடல் ஓவியக் கண்காட்சி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இறக்கி வந்த 22 படங்களும் என் அறையில் சுவரைப் பார்த்து நிற்கின்றன. அன்று மைக்கைக் கையில் கொடுத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. “எல்லோருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யார் யாருக்கு, எதற்கு என்று சொல்லாத நன்றி எனக்கே உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் ஆசிரியை. கடல் வரையப் போகிறேன் என்று ஒரு பை நிறைய நீல வண்ணக் குழாய்களோடு போய் நின்றேன். அவற்றையெல்லாம் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். “மூன்று மாதம் கறுப்பு, வெள்ளை, பழுப்பு மட்டும். இதில் வராத கடல் நீலத்திலும் வராது” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாவது வாரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. நிழலில் இருக்கும் நுரை வெள்ளையே அல்ல. பின்னால் இருக்கும் வானத்தைவிட இருண்டது. உடையப்போகும் அலை உச்சியில் மெலிகிறது, ஒளி அதை ஊடுருவி வருகிறது; பச்சை தெரிவது அங்கேதான். சாவி திரும்பக் கிடைத்த நாளில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யைக் காட்டினார். 1831 வாக்கில் வந்த அச்சுப்படம். அதிலிருக்கும் நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த செயற்கை நிறம். கடல் கடந்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. “இதில் பாதி வேலையைச் செய்வது நீலம் இல்லை, மை படாத தாள்” என்றார். அம்மா, அந்தப் பூட்டுக்கு நன்றி.

அடுத்து படகோட்டி அண்ணன். கடல் ஓவியர்களில் எப்போதும் இரண்டு வகை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மூத்த வில்லெம் வான் டெ வெல்டெ, கடற்போர் நடக்கும் இடத்துக்கே ஒரு சிறு கப்பலில் போய், குண்டு பறக்கும்போது கோட்டோவியம் போட்டவர். 1666-இல் நான்கு நாள் நடந்த போரையும் அப்படித்தான் வரைந்தார். இன்னொரு கோடியில் கிரிமியாவின் இவான் ஐவசோவ்ஸ்கி. மின்னலையும் காற்றின் வீச்சையும் எதிரே வைத்து வரையவே முடியாது என்று நம்பியவர். ‘ஒன்பதாம் அலை’ உட்பட ஆயிரக்கணக்கான கடல்களை அறைக்குள் இருந்தே, நினைவிலிருந்து தீட்டினார். எனக்கு முன்னவரின் துணிச்சலும் கிடையாது, பின்னவரின் ஞாபகமும் கிடையாது. எனக்குக் கிடைத்தது இந்த அண்ணன்.

என் முதல் பாய்மரப் படகுப் படத்தைப் பெருமையோடு அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாய் வலப்பக்கம் புடைச்சிருக்கு, படகு இடப்பக்கம் சாயுது. காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?”

பதில் இல்லை. காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் படகு சாயும் என்பது நான்கு வருடமாகக் கடல் வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. “சுக்கான்கிட்ட ஆளையும் காணோம்” என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார். அன்று இரவே நான்கு படங்களைக் கத்தியால் சுரண்டினேன்.

அதற்கப்புறம் பதினான்கு விடியல்கள் என்னைக் கூட்டிப்போனார். ஆறில் வாந்தி எடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் வாளியை என் பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான். நங்கூரமிட்ட படகின் அணியம், அதாவது முன்முனை, ஏன் காற்றையோ நீரோட்டத்தையோ பார்த்துத் திரும்புகிறது, காற்றே இல்லாத நாளில் நீண்ட அலைகள் எங்கோ தூரத்துப் புயலிலிருந்து எப்படி வருகின்றன என்றெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஒன்றை மட்டும் நானே கண்டுகொண்டேன். கரையில் நிற்பவனுக்குத் தொடுவானம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாழ்ந்த படகில் உட்கார்ந்தால் அது மூன்று, மூன்றரை கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கண் மட்டத்தைத் தாண்டி எழும் அலை ஒவ்வொன்றும் அந்தக் கோட்டை அறுக்கும். என் பழைய படங்களில் அந்தக் கோடு அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் இருந்ததற்குக் காரணம், நான் எப்போதும் நின்றுகொண்டே பார்த்ததுதான்.

கண் மருத்துவருக்கு ஒரு தனி நன்றியும் ஒரு மன்னிப்பும். சில ஆண்டுகளாக என் கடல் பழுப்பேறிக்கொண்டே போனது. அதை என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்புரை என்று அவர் சொன்னபோது பாணி போய்விட்டதே என்று வருத்தமாகக்கூட இருந்தது. ஒரு கண்ணில் அறுவை முடிந்த மறுநாள், ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்த்தேன். ஒரு கண்ணில் தேநீர் நிறக் கடல், மறு கண்ணில் கூசும் நீலம். “இன்னொரு கண்ணுக்கு இரண்டு வாரம் பொறுக்க முடியுமா? இரண்டு கடலையும் வரைந்துவிடுகிறேன்” என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனாலும் தேதியை மாற்றிக் கொடுத்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் கண்புரைக்கு வலக்கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டு இடக்கண்ணைத் தொடவே விடவில்லை. அவரோடு ஒப்பிட்டால் நான் நல்ல நோயாளிதான், டாக்டர்.

இனி அந்தச் சங்கடமான கதை. கண்காட்சிக்கு முன் படங்களை ஏற்றிச் சென்றவர்கள், வண்ணத்தின் மேல் எதுவும் படக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தும், மூன்று படங்களைக் குமிழி பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றிவிட்டார்கள். என் மேலும் தப்பு உண்டு. எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே மாதக்கணக்கில் மெத்தென்று இருக்கும். தடித்துப் பூசிய நுரைகள் இரண்டே மாத வயதில் பயணம் போயிருக்கக் கூடாது. பிரித்துப் பார்த்தபோது கடல் முழுக்க வட்ட வட்டத் தழும்பு.

ஓவியங்களைச் சீரமைக்கும் அந்த அம்மையாரை அழைத்தேன். “மீதியைப் பிரிக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்” என்றார். பதினொரு நாள், உருப்பெருக்கி விளக்கின் கீழ், மெல்லிய தகட்டால் விரலகலம் விரலகலமாகப் பிளாஸ்டிக்கை எடுத்தார். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வந்தது. நிறம் உரிந்த இடங்களில் மட்டும் தூரிகையை என்னிடம் நீட்டினார். “ஓவியர் உயிரோடு இருக்கும்போது அவர் வேலையை நான் செய்வது முறையில்லை.” மூன்றாவது படத்தின் கீழ் மூலையில் ஏழெட்டுக் குமிழித் தடங்களை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். கண்காட்சியில் ஒருவர் அந்த மூலையைக் காட்டி, நுரை எவ்வளவு தத்ரூபம் என்று மெய்மறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

சட்டம் செய்த தச்சருக்கு: நான் கேட்ட தங்க முலாமை மறுத்துவிட்டு வெறும் மரத்தைக் கொடுத்தீர்கள், நீங்கள் சொன்னதே சரி. காவலாளிக்கு: யார் எந்தப் படத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நீங்கள் வைத்திருந்த கணக்கு, எந்த விமர்சனத்தையும்விடப் பயன்பட்டது. என் மனைவிக்கு: டர்பன்டைன் வாடை இன்னும் போகவில்லை, தெரியும். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

அப்புறம், அண்ணே, உங்கள் படகு வரைந்த படம் காய்ந்துவிட்டது. இந்த முறை ஒன்பது மாதம் காத்திருந்தேன். சுக்கானருகே ஆள் இருக்கிறார். பாயும் சாய்வும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வாளியையும் வரைந்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஓவியன்