பாத்திமா பீவி குறிப்பு: இந்தத் தேதிகளைச் சரிபார்த்துப் போடுங்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். 'முதல் பெண் நீதிபதி' என்று மொட்டையாகப் போட்டால் மூன்று பேர் கலந்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் அன்னா சாண்டி (கேரளம், 1959). உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான முதல் பெண் லீலா சேத் (இமாச்சலம், 1991). உச்ச நீதிமன்ற நீதிபதியான முதல் பெண்தான் பாத்திமா பீவி.

பாத்திமா பீவி 1958-ல் முன்சீப் (கீழ்நிலை உரிமையியல் நீதிபதி), 1968-ல் சார்பு நீதிபதி, 1974-ல் மாவட்ட நீதிபதி, 1983-ல் கேரள உயர் நீதிமன்றம். ஒவ்வொரு படியாக ஏறியவர்.

பலர் சறுக்கும் இடம் 1989. அவர் பிறந்தது 30.4.1927. உயர் நீதிமன்ற வயது வரம்பு 62 என்பதால் 29.4.1989-ல் ஓய்வு. உச்ச நீதிமன்றத்தில் வரம்பு 65. அங்கே பதவியேற்றது 6.10.1989. ஆக, ஓய்வுபெற்று ஐந்து மாதம் கழித்துத்தான் டெல்லி! 'நேரடிப் பதவி உயர்வு' என்று எழுதாதீங்க. அங்கே 29.4.1992 வரை. தமிழக ஆளுநர் பதவி 1997-2001.