கச்சான் காற்றும் வங்கி வட்டியும்

பணகுடி,
ஆனி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுத முடியாமல் போனதற்குத் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுதான் காரணம். இந்த வருஷம் வைகாசி முடியுமுன்னே பிடித்துவிட்டது. வத்தல் காயப்போட்டால் பக்கத்து வீட்டுத் தட்டட்டியில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று உன் தங்கச்சி புலம்புகிறாள். எனக்கு ஓய்வு என்று பேர்தான். சீசன் வந்துவிட்டால் பையன்கள் போன் போட்டுக் கூப்பிட்டுவிடுகிறார்கள், நானும் காற்றாலைக் காத்தாடிப் பக்கம் போய்விடுகிறேன். உன் முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்குக் கந்தகப் புகையைக் கழுவும் எஃப்.ஜி.டி. கருவி கட்டாயமில்லை என்று 2025 ஜூலையில் தளர்த்தினார்களே, அது நல்லதுதான் என்கிறாய். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு, புகைபோக்கி உயரம், காற்று கடலுக்குக் கொண்டுபோய்விடும், யூனிட்டுக்கு 25, 30 பைசா மிச்சம். பாய்லர் பக்கம் முப்பது வருஷம் நின்றவன் நீ. கந்தகம் குறைவு என்பது உண்மை, அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் கடலுக்குப் போகும் என்றாயே, அது கச்சான் அடிக்கிற மாசங்களுக்குத்தான். ஐப்பசியில் வடகிழக்கு வாடைக் காற்று திரும்பினால் அதே புகை எந்தப் பக்கம் வரும்? தூத்துக்குடிக்காரன் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கந்தக டை ஆக்சைடு வெளியே வந்த இடத்திலேயே நின்றுவிடுவதும் இல்லை. போகிற வழியில் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. அந்த 30 பைசா எங்கேயும் மிச்சமாகவில்லை மாப்பிள்ளை. மின் கட்டண ரசீதில் இல்லாமல் மருந்துக்கடை ரசீதில் ஏறுகிறது, அவ்வளவுதான். பிகு என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1920-லேயே சொன்னது இது. ஒருவன் செய்கிற கேட்டின் செலவு அவன் கணக்கில் ஏறாவிட்டால், விலை பொய் சொல்லும். அந்தச் செலவை வரியாக அவன் தலையிலேயே வை என்றார்.

நாமும் அதைச் செய்துதான் பார்த்தோம். 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி போட்டார்கள். படிப்படியாக ஏறி 2016-ல் 400 ஆனது. அடுத்த வருஷமே அந்தப் பணம் மாநிலங்களுக்கு ஜிஎஸ்டி இழப்பீடு கொடுக்கத் திரும்பியது. 2025 செப்டம்பரில் செஸ்ஸை எடுத்துவிட்டு, ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார். டன் ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிற மட்டரக நிலக்கரிக்கு முன்பு 50-ம் 400-ம் சேர்த்து 450 ரூபாய் வரி. இப்போது 180. சாம்பல் அதிகமுள்ள மலிவு சரக்குக்குத்தான் சலுகை அதிகம். வரி விலையைப் பார்க்கிறது, புகையைப் பார்க்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் அந்தப் புகை விதியை அறிவித்தபோது இரண்டு வருஷம் கெடு கொடுத்தார்கள். அது 2022-க்குப் போனது. அப்புறம் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து ஆளுக்கொரு தேதி, அந்தத் தேதிகளும் தள்ளித் தள்ளி, கடைசியில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றே ஆகிவிட்டது. சொன்னதை நம்பி முதலில் கருவி வாங்கி வைத்தவன் கதி என்ன? எந்த நிலையத்து மின்சாரத்தை முதலில் எடுப்பது என்கிற மெரிட் ஆர்டர் வரிசையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். வண்ணார்பேட்டை டீக்கடையில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக நிறுத்தி, ஓட்டுகிற செலவு குறைந்தவனை முதலில் கூப்பிடுவார்கள், அதிகமானவன் கடைசியில் நிற்பான் என்றாய். கழுவுகிற கருவிக்குச் சுண்ணாம்புக்கல் செலவு, அதை ஓட்டக் கரண்டு செலவு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விதிக்குக் கட்டுப்பட்டவன் டம்ளர் பின்னால் நகரும், காத்திருந்தவன் டம்ளர் முன்னால் வரும். அடுத்த விதி வரும்போது எவன் முதலில் பணம் போடுவான்?

இந்தத் தள்ளாட்டம் உங்களைவிட எங்களைத்தான் அதிகம் அடிக்கிறது. உங்களுக்கு நிலக்கரி விலை ஏறினால் கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். காத்தாடிக்கு எரிபொருளே கிடையாது. செலவு முழுக்க முதல் நாளிலேயே, அதுவும் கடனில். வட்டிதான் எங்கள் நிலக்கரி. காற்றாலைக்குப் போட்ட பணத்தில் 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரியில் கொடுத்த சலுகையை 2012-ல் நிறுத்தினார்கள், 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் 40 ஆக்கினார்கள். அதே 2017-ல், குறைந்த விலை கேட்கிறவனுக்கே என்று ஏலம் வந்தது. பிப்ரவரியில் யூனிட் 3 ரூபாய் 46 பைசா, டிசம்பரில் 2 ரூபாய் 43 பைசா. மலிவானது நல்லதுதான். ஆனால் அவ்வளவு ஒல்லியான விலையில் ஒரு விதி அசைந்தாலும் கடன் கொடுத்தவன் பயப்படுகிறான், வட்டியை ஏற்றுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். கோபுரத்தடியில் நின்றிருந்தேன். திரையில் காற்று வேகம் விநாடிக்கு 13 மீட்டர், இயந்திரம் முழுச் சுமையில் 2 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்தது. மின் தொகுப்பை நடத்துகிறவர்களிடமிருந்து போன் வந்தது, நிறுத்தச் சொன்னார்கள். மூன்று இறக்கையும் மெதுவாகத் திரும்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டின. கொஞ்சம் கொஞ்சமாய்ச் சத்தம் அடங்கி, காற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மணிக்கு 2,000 யூனிட், யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் 6,000 ரூபாய். மூன்று மணி நேரம் நின்றது. லீவு நாளில் தேவை குறைவு, வெயில் மின்சாரம் நிறைய, உங்கள் பழைய அனல் மின் இயந்திரங்களைப் பாதிச் சுமைக்குக் கீழே இறக்க முடியாது என்பாய். எல்லாம் சரி. தவணை மட்டும் நிற்காது. பணகுடிக் காற்றைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மத்தியானம் வீணாகிறதைச் சாயங்காலத்துக்குச் சேமிக்கப் பேட்டரி வேண்டும். அதுவும் கடன்தான், அதுவும் வட்டிதான்.

அதனால் கடுமையான விதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் லேசான விதியாகவே இருக்கட்டும், ஆனால் போட்ட தேதி அசையக் கூடாது. அமெரிக்காவில் 1990-ல் கந்தகப் புகைக்கு மொத்த வரம்பு கட்டி, அனுமதிகளை விற்கவும் வாங்கவும் விட்டார்கள். வரம்பு வரும் என்பது உறுதியாகத் தெரிந்ததும் ஆலைகளே மலிவான வழி தேடிக்கொண்டன. பயந்ததைவிட மிகக் குறைந்த செலவில் முடிந்தது. நமக்கோ சுண்ணாம்புக்கல் தாழையூத்துப் பக்கமே கிடக்கிறது. கழுவி வருகிற ஜிப்சத்துக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். காற்றுத் தரம் எட்டாத ஊர்கள் பட்டியலில் தூத்துக்குடி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற நிலையங்களை நிபுணர் குழு ஒன்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். நீ பாய்லர் கணக்கு தெரிந்தவன், எனக்குக் காற்றுக் கணக்கு தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து அந்த நிபுணர் குழுவுக்கு ஒரு மனு எழுதுவோமா? வாடைக் காலத்துக் காற்றுத் திசையை நான் எழுதித் தருகிறேன். சுண்ணாம்புச் செலவும் யூனிட்டுக்கு உண்மையில் எத்தனை பைசா ஆகும் என்பதும் உன் பொறுப்பு. 30 பைசாதான் வருகிறது என்றால் 30 என்றே எழுது. ஆடி பிறந்ததும் பஸ் ஏறி வா, இங்கே உட்கார்ந்து எழுதிவிடலாம். வரும்போது என் தங்கச்சியையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை