'ரியல்-டைம்' என்று அச்சடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரௌட்டர் நிறுவனத்தின் மதிப்பிற்குரிய மென்பொருள் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பதிப்புக்கான உங்கள் விளம்பரத் தாள் கிடைத்தது. பெட்டியின் இயக்க மென்பொருளுக்கு மையமான கர்னலைப் பற்றி அதில் 'ரியல்-டைம் கர்னல், தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் முதன்மை இணைப்பு அறுந்த கதை உங்கள் உதவிப் பிரிவின் கோப்பிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்.

எங்கள் இரண்டு ரௌட்டர்களுக்கு நடுவே, இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று ஓயாமல் பார்க்கும் பிஎஃப்டி நெறிமுறை ஓடுகிறது. 50 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட். தொடர்ந்து 3 வராவிட்டால், அதாவது 150 மில்லிசெகண்டில், இணைப்பு செத்துவிட்டது என்று எதிர்முனை முடிவு கட்டிவிடும். அன்றிரவு, நெட்வொர்க்குகள் வழித்தடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபி நெறிமுறையில் எங்களோடு பேசும் அண்டை ரௌட்டர் ஒன்று விழுந்து எழுந்து, லட்சக்கணக்கான வழித்தடங்களை மொத்தமாக அனுப்பத் தொடங்கியது. சிபியு அதில் மூழ்கிவிட, பிஎஃப்டி பாக்கெட்டை அனுப்ப உங்கள் பெட்டிக்கு நேரம் ஒழியவில்லை. ஃபைபரில் ஒளி அளவு குறையவில்லை, ஒரு பிழைகூட ஏறவில்லை; ஆனாலும் இணைப்பு விழுந்ததாக அறிவிப்பு. உள் நெட்வொர்க்குக்கு வழி தேடும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை வழிகளை மறுபடி கணக்கிட்டது, சிபியு மேலும் திணறியது, எழுந்த பிஎஃப்டி மீண்டும் விழுந்தது. விடியும்வரை இதே கூத்து. உங்கள் உதவிப் பிரிவு சொன்ன வைத்தியம்: 'டைமரை 1 செகண்டுக்கு உயர்த்துங்கள்.' மிக்க நன்றி. அதற்கு எந்தக் கர்னலும் போதுமே!

நெருக்கடியின் உச்சத்திலும் ஒரு வேலை இத்தனை மைக்ரோசெகண்டுக்குள் தொடங்கிவிடும் என்ற உத்தரவாதத்துக்குத்தான் ரியல்-டைம் என்று பெயர். லினக்ஸில் அது ஏறக்குறைய 20 ஆண்டுகள் தனி ஒட்டு நிரலாக, அதாவது பேட்ச்சாக, வெளியே கிடந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் மூலக் கர்னலுக்குள் சேர்ந்தது. உங்கள் பெட்டியில் இருப்பது 5.10. பேட்ச் போட்டிருப்பீர்களோ என்று கர்னலின் விவரம் காட்டும் 'யூனேம்' கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். 'ப்ரீஎம்ப்ட்' என்று வந்தது. அதையொட்டி வர வேண்டிய 'ஆர்டி', அதாவது ரியல்-டைம் என்ற அடையாளம், வரவில்லை. விளம்பரத் தாளில் மட்டும் அது எப்படி முளைத்தது?

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான்: முழு பிஜிபி அட்டவணை ஏறும்போது பிஎஃப்டி பணி அதிகபட்சம் எவ்வளவு தாமதமாகும் என்ற எண்ணை வெளியிடுங்கள். சராசரி வேண்டாம், அதிகபட்சம்.

இத்தனைக்கும் வாடிக்கையாளரின் பாக்கெட்டுகள் பெரும்பாலும் அதற்கென்றே உள்ள தனிச் சிப்பிலேயே கடந்துபோகின்றன, கர்னல் அவற்றைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அங்கே ஏற்படும் தாமதம் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நிரம்புவதால் வருவது; கர்னலை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. சிஸ்கோ ரௌட்டர்களின் பழைய இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸில் ஒரு பணி தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு சிபியு கிடைக்கும். அதை வைத்தே இணையத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் ஓடியது. இன்றோ இந்தத் தொழிலில் பொறியாளர் எழுத வேண்டியதை விற்பனைப் பிரிவு எழுதுகிறது. அடுத்த பதிப்பில் பெட்டிக்குள் செயற்கை நுண்ணறிவையும் குடியேற்றிவிடுவீர்கள், அதற்கும் தனி உரிமக் கட்டணம் இருக்கும்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். அதிகபட்சத் தாமதம் எவ்வளவு, எந்தச் சுமையில் எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள் என்பதைத் தயவுசெய்து வெளியிடுங்கள். கர்னலின் மூலநிரலையும் அமைப்புக் கோப்பையும் உடன் தாருங்கள்; வாங்கியவருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் அதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. எண் கைவசம் இல்லையென்றால், அந்த வரியை விளம்பரத் தாளிலிருந்து எடுத்துவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு நெட்வொர்க் பொறியாளர்