ட்ரைலோபைற் தேடிக் குடும்பிமலை ஏற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் உயிர்ச்சுவடுகள் பற்றி அண்மையில் வந்த கட்டுரை நல்ல முயற்சிதான். ஆனால் "உங்கள் ஊர்ப் பாறையிலும் ட்ரைலோபைற் இருக்கலாம், தேடிப் பாருங்கள்" என்ற ஒரு வரி போதும், பிள்ளைகள் சுத்தியலும் கையுமாகக் குடும்பிமலைக்கும் உகந்தைக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆதிகாலக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன, ஓடும் கணுக்கால்களும் கொண்ட அந்த விலங்கின் சுவடு அங்கே கிடைக்காது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடிப்பாறை விஜயன் பாறைத் தொகுதியைச் சேர்ந்த நைஸ். பூமிக்கடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், 600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, கனியங்கள் மறுபடி பளிங்காகிப் பட்டை பட்டையாய் ஒதுங்கிய பாறை அது. அந்த வேக்காடு நடந்தது ஏறத்தாழ 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். ட்ரைலோபைற்றின் மிகப் பழைய சுவடுகளுக்கோ 521 மில்லியன் ஆண்டளவுதான் வயது. இந்தப் பக்கத்தில் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் இமயமலையின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கோ பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடருக்கோ போக வேண்டும்.

படத்திலும் ஒரு பிழை. தலை, மார்பு, வால் என்று குறுக்கே மூன்றாகப் பிரித்து, அதனால்தான் "மூன்று மடல்" என்று பெயர் வந்ததாக எழுதியிருந்தது. மடல்கள் நீளவாக்கில் உள்ளவை: நடுவில் உயர்ந்த அச்சு, அதன் இருபுறமும் ஒவ்வொரு மடல். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் மாணவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. இன்னொன்று, ட்ரைலோபைற் நண்டின் பாட்டன் அல்ல. நண்டு, பூச்சி எல்லாம் அடங்கும் ஆத்திரோபோடா என்ற கணுக்காலிக் கூட்டத்தின் தனிக்கிளை அது. 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முற்றாக அழிந்தது. நண்டுகள் அதற்குப் பின்வந்த ஜுராசிக் காலத்தில்தான் வருகின்றன. நண்டு, இறாலுக்கு உணர்கொம்பு இரண்டு சோடி, ட்ரைலோபைற்றுக்கு ஒரு சோடி. அந்தச் சோடிக்குப் பின்னால் அதன் கால்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி; நண்டுக்குத்தான் பிடிக்க, மெல்ல, நடக்க என்று வேலைக்கொரு கால்.

ஊரில் கிடைப்பதை வைத்தே இதைக் கற்பிக்கலாம். களப்போரத்தில் ஒதுங்கும் நண்டுக்கோதுகளில் பல, செத்த நண்டே அல்ல, தோல் கழற்றிய சட்டை. தூக்கிப் பார்த்தால் தெரியும். பாரமே இராது, நாற்றம் இராது, ஓட்டின் பின்விளிம்பு திறந்து மூடிபோல மேலே எழும். நண்டு அந்த இடைவெளியால்தான் பின்புறமாக வெளியேறியது. உள்ளே எட்டிப் பாருங்கள்: நண்டு மூச்சுவிடும் பூக்களை மூடியிருந்த மெல்லிய தோலும் இரைப்பையின் அரைக்கும் பற்களும்கூடக் கழன்று கிடக்கும். ட்ரைலோபைற்றும் இப்படித்தான் சட்டை கழற்றி வளர்ந்தது. முகத்திலுள்ள பொருத்துக்கோடு பிரிந்து கன்னத்துண்டுகள் தனியே விழும். ஒரு விலங்கு வாழ்நாளில் பல சட்டை கழற்றும். ஆகவே அருங்காட்சியகங்களிலுள்ள ட்ரைலோபைற் துண்டுகளில் பெரும்பகுதி சட்டைகளே.

வகுப்பில் அச்செடுக்க இந்தச் சட்டையே போதும். உலர்ந்த கோது அழுத்தினால் வெடிக்கும். அரை மணி நேரம் நன்னீரில் ஊறவிட்டு, உட்குழியில் களிமண்ணை அடைத்துவிட்டு, மேல்பக்கம் வசிலின் பூசி, மூன்று சென்ரிமீற்றர் தடிப்பான களிமண் தட்டில் அழுத்துங்கள். கோதை எடுத்தபின் தட்டைச் சுற்றி மட்டையால் வரம்பு கட்டவும். ஒரு கோப்பை தண்ணீரில் இரண்டு கோப்பை பிளாஸ்டர் ஒஃப் பரிஸைத் தூவ வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கிளறி, ஓரத்திலிருந்து ஊற்றவும். வேகமாக அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் அடைபட்டு, அச்சின் முகத்தில் அம்மைத் தழும்புபோலக் குழி விழும். களப்புத் தண்ணீர் கூடாது; உப்பு இறுகலைத் துரிதப்படுத்துவதால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். மார்கழி மழையில் வாய் திறந்து கிடந்த பை ஈரம் குடித்திருக்கும், அந்தத் தூளில் செய்தது விரலால் தேய்த்தாலே உதிரும். முக்கால் மணி நேரம் கழித்துக் கழற்றலாம். மிச்சத்தைக் கழுவுதொட்டிக்குள் ஊற்றாதீர்கள். பிள்ளைகளின் கையைக் கலவைக்குள் விடவும் வேண்டாம், இறுகும்போது சூடேறும்.

அந்தக் குமிழ்க்குழியை மாணவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. இணையத்தில் விலைக்கு வரும் மொரோக்கோ ட்ரைலோபைற்றுகளில் வார்ப்புப் போலிகள் ஏராளம். கைவில்லையால் பார்த்தால் அதே குழிகள் காட்டிக்கொடுக்கும்.

உள்ளே களிமண் அடைக்காமல் இன்னொரு கோதையும் அழுத்திப் பாருங்கள். அது நசுங்கும். 1909இல் புவியியலாளர் சார்ள்ஸ் வால்கொட் கனடாவில் கண்ட, நுண்சேறு இறுகிய பேர்ஜெஸ் மாக்கல்லின் 508 மில்லியன் ஆண்டுச் சுவடுகள் படலம்போலத் தட்டையாக இருப்பது இதனால்தான். ஆனால் அந்த நுண்சேற்றில்தான் கால், பூ, குடல்வரை மிஞ்சின. ட்ரைலோபைற்றின் முதுகோடு கல்சைற்று என்னும் சுண்ணாம்புக் கனியம், அது எங்கும் நிற்கும். சுண்ணாம்பு ஏறாத கால்கள் மற்றப் பெரும்பாலான இடங்களில் அழுகிப்போயின. அந்த வட்டாரச் சுவடுகளிலும் ஆட்கள் முன்பே ஏமாந்தார்கள்: 1892இல் தலையில்லாத இறால் என்று பெயரிட்ட அனோமலோகாரிஸ் ஒரு பெரிய வேட்டை விலங்கின் முன்கை என்பது 1985இல்தான் தெளிவானது. இறால் தின்னும் ஊருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

சேறு நிரம்பிய கோதுக்கு மாதிரி வேண்டுமென்றால் நாட்டுமருந்துக் கடையில் நண்டுக்கல் கேளுங்கள். அதன் மருந்துக் குணம் இங்கே பேச்சில்லை. சேறு புகுந்து இறுகிய உண்மையான நண்டு அது, புவியியல் கணக்கில் நேற்றையது. வாங்கும்போது கால்கள் ஒடிந்த அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டின் நிறம் ஒன்று, உள்ளிருக்கும் கல்லின் நிறம் வேறு என்றால் உண்மையானதாக இருக்கலாம்.

படத்திற்காவது அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
களுவாஞ்சிக்குடி.