14 நாளுக்குள் ஒரு தமிழ்த் தாள்

சட்ட உதவி ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சிங்களத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தட்டெழுதிக் கொடுப்பது என் தொழில். போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாலாக மடித்த தாளைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். மகனுக்கு மேல் நீதிமன்றம் தண்டனை விதித்திருந்தது. திகதியைப் பார்த்தேன், ஒரு மாதம் கடந்துவிட்டது.

"அப்பீல் போட்டீங்களா அம்மா?"

"அதெல்லாம் காசுள்ளவங்க செய்யிறதுதானே தம்பி."

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதாவது அப்பீல், கொடுக்க வேண்டும். மறியலில் இருப்பவர் சிறை அத்தியட்சகரிடமே கொடுக்கலாம். இதை அந்தப் பிள்ளைக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. இனி, தீர்ப்பை மறுபடி பார்க்கும்படி கேட்கும் மீளாய்வு மனுதான் வழி. அதற்கு விசேட காரணம் காட்ட வேண்டும், அப்போதும் ஏற்பதும் விடுவதும் நீதிமன்றத்தின் கையில்.

அதனால் கேட்கிறேன்: தண்டனை பெற்று உள்ளே போகும் ஒவ்வொரு தமிழருக்கும் முதல் நாளே ஒரு தமிழ்த் தாள் கிடைக்க வழி செய்யுங்கள். அதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அப்பீல் போட்டால் வெளியே வந்துவிடலாம் என்று நம்பிக் காணியை விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு ரத்தாகி விடுதலை கிடைக்கலாம். மறுவிசாரணைக்கு உத்தரவாகி, சாட்சிகளை மறுபடி தேட வேண்டியும் வரலாம். கொலைக் குற்றம், கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் நடந்ததென்று ஏற்கப்பட்டால், கொலைக்குக் கீழ்ப்பட்ட குற்றமாகும். மரண தண்டனை போய், கூடியது 20 வருடச் சிறையாகும். தண்டனை மட்டும் குறையலாம், கூடவும் செய்யலாம். இந்தக் கடைசியை மறைக்காதீர்கள். தள்ளுபடியானால்கூட, தண்டனையை மேல் நீதிமன்றத் தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கிடும்படி நீதிமன்றம் கட்டளையிடுவதுண்டு. அப்பீல் வருடக்கணக்கில் இழுபடும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்.

நீதிமன்ற மொழி புரியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்பு தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்தார். நான் வாங்கவில்லை.

கொழும்பில் தொடங்கினாலும் போதும். அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தர நான் தயார், இந்த வாரமே.

இப்படிக்கு,
புதுக்கடை மொழிபெயர்ப்பாளர் ஒருவர்